முகத்துக்கு நேரே தொங்குகிற பவுல்

மகனே,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். ஐப்பசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சௌக்கியமில்லாமல் இருக்கும்? உன் அப்பாவும் சௌக்கியம். மதுராந்தகம் ஏரிக்குத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது, அதனால் ஏரிக்கரையைக் காவல் பார்க்கிற லஸ்கர் உத்தியோகத்தைத் தூக்கிக்கொண்டு மனுஷன் கரையிலேயே கிடக்கிறார். நான்தான் சௌக்கியமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். தட்டு மாற்றிவிட்டு வந்த நாளிலிருந்து உன்னிடம் பேச வாயைத் திறந்தால் ரெண்டாவது வார்த்தையில் சண்டை வருகிறது. செல்போனில் கூப்பிட்டால் "மறுபடியும் அதேவா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். கருங்குழியிலிருந்து உன் பட்டறைக்கு வருகிற இந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாதே, சுவரில் ஒட்டு. அக்ரிலிக்கும் இரும்பும் லேத்துக்கு ஒன்றுதான் என்று நினைக்கிற யார் வந்தாலும் நின்று படிக்கட்டும். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

விஷயம் உனக்குத் தெரியும். சுவரில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு இப்போது கம்ப்ரஸர் வந்துவிட்டது. காற்றை ஏற்றினால் உளி தானாகக் கொத்துகிறது, வேலை மளமளவென்று நடக்கிறது. நல்லதுதான். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அது உளிக்குள் போனால் துருப்பிடிக்கும். அதற்காக ஒவ்வொருவர் வேலை செய்கிற இடத்திலும் காற்றுக் குழாயின் நடுவில் டம்ளர் அளவுக்கு ஒரு பவுல் தொங்கும். காற்று அதற்குள் நுழைந்து வெளியே போகும், தண்ணீர் அடியில் தங்கும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துத் திறந்துவிட வேண்டும் என்பதால் பவுல் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றின் அமுக்கத்தில் பவுல் வெடித்தாலும் சில்லு தெறிக்காமல் இருக்கக் கம்பெனிக்காரன் அதற்கு மேலே இரும்புக் கூடு ஒன்று போட்டுத் தருகிறான். கூடு மறைக்கிறது, தண்ணீர் தெரியவில்லை என்று அதைக் கழற்றிப் போட்டார்கள். பவுல் விரிசல் விட்டபோது சென்னைக்குப் போய் வாங்கி வர யாருக்கும் பொழுதில்லை. லேத் போட்டு நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கில் உருளை வாங்கிக் கடைந்து, குடைந்து, மரை போட்டு மாட்டிக் கொடுத்தாய். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கேட்க, இப்போது அந்தத் தெருவில் பாதிக் கூடங்களில் உன் பவுல்தான் தொங்குகிறது. அதில் ஒன்று வேலுவின் முகத்துக்கு நேரே தொங்குகிறது. வேலு வேறு யாருமில்லை, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

முதல் பவுலைக் கருங்குழிக்குக் கொண்டுவந்து என் பட்டறையில் என் லேத் மேலே வைத்தாயே, அன்றைக்கு நான் ஏமாந்துதான் போனேன். அவ்வளவு பளபளப்பு. கையில் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, எப்டி கீது?" என்று கேட்டாய்.

"நல்லாத்தான் கீது" என்று நான் சொன்னது உண்மை. அதை இப்போது இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம்தான் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். சுவரும் அடியும் சேருகிற மூலை நெருப்புப்பெட்டி மூலை மாதிரி நறுக்கென்று இருந்தது.

"எந்த டூல்ல கடஞ்ச?"

"இன்சர்ட்தான். மறைமலை நகர் கம்பெனில ஸ்டீலுக்குப் போட்டுகினு இருந்தமே, அதே."

"உள்ளயும் அதுவா?"

"உள்ளயும் அதான். அப்பால பஃப் போட்டு பாலிஷ் ஏத்திக்கினேன். நீ இன்னும் பிட்டைக் கல்லுல தீட்டிகினு குந்திகினு இரு" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். பெற்ற பிள்ளை கிண்டல் செய்தால் சிரிப்பு வரத்தானே செய்யும். ஆனால் நீ நாஸ்தா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போன பிறகும் அந்த மூலை என் விரல் நுனியிலேயே இருந்தது.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். மறந்துபோயிருப்பாய், அல்லது அம்மா சொன்னது பழசு என்று ஒதுக்கியிருப்பாய். மறுபடியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இன்சர்ட் என்பது கடையில் ரெடிமேடாக வாங்கி டூலில் மாட்டுகிற வெட்டு முனை. இரும்புக்கு என்று செய்கிற இன்சர்ட்டின் விளிம்பை வேண்டுமென்றேதான் கொஞ்சம் மழுக்கி வைத்திருப்பார்கள். இரும்பு மோதுகிற மோதலில் கூர் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. இரும்பில் அது வெட்டும். அக்ரிலிக்கில் அது வெட்டாது, அழுத்தித் தேய்க்கும். தேய்த்தால் சூடு. இரும்பானால் சூடு உடம்பெல்லாம் பரவி ஓடிவிடும், அக்ரிலிக்கில் சூடு போக வழியில்லாமல் தேய்த்த இடத்திலேயே நின்றுவிடும். மேல்தோல் இளகி, ஆறும்போது சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கிறது சுருங்க விடாது. ரெண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் பளிங்கு, உள்ளே இழுபறி. அதற்கு மேலே நீ துணிச் சக்கரத்தில் பஃப் போட்டு இன்னும் சூடு ஏற்றினாய். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளா நீ?

அக்ரிலிக்குக்கு எச்.எஸ்.எஸ். என்கிற எஃகு பிட்தான். அதைக் கையால் கிரைண்டரில் பிடி. மேல் முகம் சமமாக இருக்கட்டும், பித்தளைக்குப் பிடிக்கிற மாதிரி. சரித்தால் டூல் உள்ளே பாய்ந்து கவ்வும், கவ்வினால் பெயர்க்கும். விளிம்புக்குக் கீழே இடம் தாராளமாக விடு, டூலின் வயிறு வேலையில் உரசவே கூடாது. பிறகு ஆயில் ஸ்டோனில் தீட்டு. நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், அதுதான் கூர். மூக்கைக் கொஞ்சம் உருட்டிவிடு, உள்மூலை வளைவாக வரும், நறுக்கென்ற மூலையில்தான் விரிசல் பிறக்கும். வெட்டு சன்னமாக எடு. சரியான டூலானால் பிசிறு நாடா மாதிரி ஓடி வரும், கையில் பிடித்தால் சில்லென்று இருக்கும். தப்பான டூலானால் பொடியாகக் கொட்டும், இல்லாவிட்டால் இளகி டூலிலேயே ஒட்டிக்கொள்ளும், மூக்கில் ஏறுகிற ஒரு தித்திப்பு வாசனை வரும். அந்த வாசனை வந்த உடனே லேத்தை நிறுத்திவிட வேண்டும். உனக்கு இன்சர்ட்தான் வேண்டுமென்றால் அலுமினியத்துக்கு என்று கூராக விற்கிறானே, அதையாவது வாங்கியிருக்கலாம். அது எவ்வளவோ தேவலை. நான் புதுசு என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள் இல்லை. எது எதற்கு என்று பார்க்காமல் கைக்கு வந்ததை மாட்டுகிறதைத்தான் சுளிக்கிறேன்.

நீ ஆறாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு ஷீல்டு செய்து கொடுத்தேனே, மறந்திருக்க மாட்டாய். தொண்ணூறுகளில் அக்ரிலிக் என்றாலே எல்லோருக்கும் ஒரு மயக்கம். மரக்கட்டை மேல் நாலு கண்ணாடித் தூண், அதன் மேல் கோப்பை. அவசரத்தில் இரும்புக்குப் போடுகிற கார்பைடு டிப் டூலிலேயே தூண்களைக் கடைந்தேன், எனக்கும் அப்போது வேறு தெரியாது. பளபளவென்றுதான் வந்தது. விழா அன்றைக்குக் காலையில் ட்ரில் மாஸ்டர் இன்னும் மின்னட்டும் என்று முதலுதவிப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டை எடுத்துத் துடைத்திருக்கிறார். சாயங்காலம் மேடையில் ஹெட்மாஸ்டர் தூக்கிக் கொடுக்கிறார், கையில் கோப்பை இருக்கிறது, தூண்கள் இல்லை. சிலந்தி வலை மாதிரி விரிந்து பொலபொலவென்று கொட்டிவிட்டன. உள்ளே இழுபறி இருக்கிற அக்ரிலிக்கில் ஸ்பிரிட், தின்னர் எது பட்டாலும் இப்படித்தான். கூட்டத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நீதான். வீட்டுக்கு வந்து அதை நடித்து வேறு காட்டினாய். எனக்கு மானம் போனது, வேறொன்றும் போகவில்லை. காற்றில்லாத தூண் அது. யார் முகத்துக்கு நேரேயும் நிற்கவில்லை.

அதற்கப்புறம்தான் விசாரித்து, கெடுத்து, மறுபடி கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கடைந்து முடித்த அக்ரிலிக்கை மெல்லச் சூடாக்கி மெல்ல ஆற விட்டால் உள்ளே இருக்கிற இழுபறி அடங்கும் என்று தெரிந்தது. அதற்கென்று இருக்கிற மின்சார அடுப்புக்கு நாம் எங்கே போவது? செங்கல்பட்டில் ரொட்டிக்கடை வைத்திருந்தவரிடம் போய் நின்றேன். "ரொட்டி அடுப்புல பிளாஸ்டிக்கா? பேஜாரு புடிச்ச வேலையா கீதே" என்றார். கடைசியில் ரொட்டி எடுத்து, அடுப்பு தணிந்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் தடவை அவசரப்பட்டு வைத்ததில் உருளை வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. அதைத்தான் உன் அப்பா ரொம்ப நாள் முதுகு சொறிய வைத்திருந்தார்.

தட்டு மாற்ற வந்த அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் நான் வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் வேலுவின் சிற்பக்கூடத்துக்கு நடந்தேன். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையின் அம்மா சிலை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தார்கள். நான் பவுல் பார்க்கப் போனேன். வேலு தன் இடத்தைக் காட்டினான். கல்லில் உட்கார்ந்து குனிந்து கொத்தினால் பவுல் அவன் நெற்றிக்கு நேரே, நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே. கையை முழுக்க நீட்ட வேண்டிய தூரம்கூட இல்லை.

"மாப்ள போட்ட பவுலு சூப்பரா கீது அத்தை. தண்ணி எம்மாந்தூரம் ஏறிக்கீதுன்னு அப்டியே தெரியுது" என்றான்.

"எதால தொடைக்கிற வேலு?"

"தெனம் துணியாலதான். கல்லுத் தூசி ஒட்டிக்கும்ல. ஆயுத பூஜைக்குத்தான் பெயிண்டு தின்னரு போட்டு பளிச்சுனு ஆக்குவோம். மெஷினு, பைப்பு, பவுலு, எல்லாத்தையும்."

"பவுலுக்குத் தின்னர் ஆவாதுப்பா. தண்ணிலயே தொடை. இன்னும் கேட்டா, அதக் கழட்டிடு" என்றேன். அவன் உன் முகத்தைப் பார்த்தான். நீ என்ன செய்தாய்? "எங்க அம்மா அப்டித்தான் வேலு, தட்டு மாத்த வந்த எடத்துலயும் லேத் பாடம் எடுப்பாங்க" என்று அவன் தோளில் தட்டினாய். அவனும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தான். பெண்ணெடுக்கிற வீட்டில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்துதான் உன் அப்பாவிடம் கொட்டினேன். எப்போதும் உன் பக்கம் பேசுகிற மனுஷன் அன்றைக்கு அப்படிப் பேசவில்லை. "ஏரிக்கர தண்ணி ரொம்பி ஒடையறத நான் பாத்ததில்லடி. எலி வளைலதான் ஒடஞ்சிக்கீது. வளை வெளிய தெரியாது. தண்ணி ஏறுற வரைக்கும் கரை நல்லாத்தான் நிக்கும்" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னாரா, ஏரியைப் பற்றிச் சொன்னாரா தெரியாது. சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார், தூங்கவில்லை.

சரி, குறை மட்டும் சொன்னால் போதாது என்று மறுநாளே வேலையில் இறங்கினேன். நல்ல வார்ப்பு அக்ரிலிக் உருளை வாங்கினேன். புது பிட் எடுத்துப் பிடித்து, தீட்டி, ஒரு பொழுது முழுக்கச் சன்னமாகக் கடைந்து, உள்மூலையை வளைத்து, அதே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து ஆற விட்டு ஒரு பவுல் செய்திருக்கிறேன். உன்னுடையது அளவுக்கு மின்னாது. ஆனால் உள்ளே இழுபறி கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்கே நான் பவுல் கடைந்து தருகிறேன், உன்னுடையதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டு. உன் கல்யாணத்துக்கு அம்மா சீர் என்று வைத்துக்கொள்.

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது, அறிவுரை எழுதாத கடிதம் என்ன கடிதம். அந்தப் பெண் அதிகம் பேசாது போலிருக்கிறது. பேசாதவர்களுக்குக் குறை இல்லை என்று நினைத்துவிடாதே. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் நானும் பேசவில்லை, உள்ளே என்னவெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தது என்று எனக்குத்தான் தெரியும். லேத்தில் வேலை செய்கிற பெண்ணை வீட்டுக்கு எடுத்ததற்கு உன் அப்பா வீட்டில் பேசிய பேச்சு கொஞ்சமா? அவர் ஒரு நாள் கரையிலிருந்து வந்து, கை கால் கழுவாமல், "உனக்கு இன்னா கொறை, சொல்லு" என்று எதிரில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அழுது தீர்த்தேன், அடங்கியது. நீயும் கேள். சொல்லும்போது சிரிக்காதே. உனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு இருக்கிறது, சில இடத்தில் அது மனுஷரைத் தின்றுவிடும்.

இதுவரைக்கும் பூஜைக்கு முன்னால் எழுதியது. இங்கே நிறுத்திவிட்டு, பட்டறை சுத்தம் செய்யப் போனேன். இனி எழுதுவது ஆயுத பூஜை அன்றைக்குச் சாயங்காலம்.

சுத்தம் செய்யும்போது வேண்டுமென்றேதான் செய்தேன். முதலில் கொண்டுவந்து நீ இங்கேயே விட்டுப்போன பவுலையும் என் பவுலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தின்னர் துணியால் ரெண்டையும் துடைத்தேன். வேலு எப்படித் துடைப்பானோ அப்படி, உள்ளேயும் வெளியேயும், மரை ஓரத்திலும். உனக்குக் காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. ரெண்டையும் சாமி படத்துக்குக் கீழே லேத் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்றைக்குக் காலையில் லேத்துக்குச் சந்தனம் வைக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம். எலி என்று நினைத்தேன். சூடம் காட்டும்போது மறுபடி. உன் அப்பாவும் கேட்டார், பூஜைக்கென்று கரையிலிருந்து வந்திருந்தார். குனிந்து பார்த்தால் உன் பவுலின் மரையைச் சுற்றிக் கோடு கோடாக ஓடியிருந்தது. அடி மூலை முழுக்க வெள்ளை. அவர் எடுத்தார். மேல் பாதி கையோடு வந்தது, அடி லேத் மேலேயே நின்றது.

அதற்குள் காற்றே இல்லை. ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை. கோடு ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் தொடவும் இல்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் பயத்தோடு ஒரு கர்வமும் வந்தது, மறைக்கவில்லை. என் பவுலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பார், எச்.எஸ்.எஸ். பிட்டு, சன்ன வெட்டு, ரொட்டிக்கடை அடுப்பு என்று உன் அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். திருப்பினேன். மரைக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு கோடு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் நின்றது.

அதனால் மேலே சீர் என்று எழுதினேனே, அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். என் டூலும் போதாது. எந்த டூலும் போதாது. தூணுக்கு, கைப்பிடிக்கு, கோப்பைக்கு, விளக்குக்கு, எல்லாவற்றுக்கும் எது டூல் என்று நான் சொல்வேன், அதில் பிசகு இருக்காது. அமுக்கிய காற்றை அடைத்து, தின்னர் வைத்துத் துடைத்து, மனுஷன் முகத்துக்கு நேரே தொங்கவிடுவதற்கு அக்ரிலிக்கில் டூலே கிடையாது. அந்தத் தெருவில் உன்னுடைய ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டுக் கம்பெனி உலோக பவுல் வாங்கி மாட்டு. தண்ணீர் தெரியாவிட்டால் பரவாயில்லை, காலையிலும் சாயங்காலமும் திறந்துவிட்டால் போகிறது. இத்தனை வருஷம் லேத் முன்னால் நின்ற எனக்கே இது இன்றைக்குத்தான் தெரிந்தது. உன்னை மட்டும் திட்டி என்ன பயன்.

உடனே உனக்குப் போன் போட்டேன். "பூஜை நடந்துகினு கீதும்மா, அப்பால பேசறேன்" என்றாய். பின்னால் மணி அடித்தது. "மாப்ள, பவுலப் பாரு, எப்டி மின்னுது" என்று வேலுவின் குரல் கேட்டது. நான் "கழட்டுடா" என்று கத்தினேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை தடவை போட்டும் உன் போன் அணைத்து வைத்திருப்பதாகவே ஒரு பெண் சொல்கிறாள். சம்பந்தி வீட்டு நம்பர் என்னிடம் இல்லை, உன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளாதது என் புத்தி.

ஆக, துடைத்தாயிற்று. சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. இன்றைக்கு யாரும் உளி எடுக்க மாட்டார்கள், அதுதான் எனக்கு மிச்சம். நாளைக்கு விஜயதசமி. காலையில் கூடத்தைத் திறந்து, சூடம் ஏற்றி, எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து முதல் கொத்து கொத்துவார்கள். கம்ப்ரஸர் ஸ்விட்சை யாராவது நல்லது நடக்கப் போகிறவன் கையால் போடச் சொல்வார்கள். இந்த வருஷம் கல்யாண மாப்பிள்ளை நீதான் அங்கே இருக்கிறாய். காலி டேங்கில் காற்று ஏற ஏற வேலு கல்லின் மேல் குனிந்திருப்பான். இங்கே காற்றில்லாமலே கையோடு வந்துவிட்டதே, அது அங்கே காற்றோடு தொங்குகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன ஆகப்போகிறது? கண் போவது உன்னுடையதானால்கூட அம்மா என்று நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன். அவன் கண் போனால், தங்கச்சி கழுத்தில் தாலி கட்டுகிற கையால் ஸ்விட்ச் போட்டவன் என்று அந்தப் பெண் ஆயுசுக்கும் உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உன் அப்பா வருகிறேன் என்றார். ஏரி ஏறிக்கொண்டிருக்கிறது, அவர் கரையை விட்டு வர முடியாது. "மொத பஸ்ஸுக்குப் போ. இங்க நான் பாத்துக்கறேன், அங்க நீ பாத்துக்க" என்று பையில் உடைந்த பவுல் ரெண்டு துண்டையும் துணியில் சுற்றி வைத்தார். பக்கத்தில் கோடு விழுந்த என் பவுலையும் வைத்தார். ஸ்பேனரும் அதில்தான் இருக்கிறது.

காலையில் கருங்குழியில் முதல் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, கூடம் திறப்பதற்கு முன்னால் வந்து நிற்பேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன். உன்னிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு பேர் எதிரில் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், அதற்குள் எவனாவது ஸ்விட்சைத் தட்டிவிடுவான். அதனால் நீ இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் நான் போய் வேலுவின் கல்லில், வேலு உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவேன். பவுல் என் கண்ணுக்கு நேரே இருக்கும். யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன், உனக்கு என்னைத் தெரியும்.

படித்துவிட்டாயா? தலையை நிமிர்த்திப் பார். அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பேனர் என் மடியில் இருக்கிறது, மாட்டிய கைதான் கழற்ற வேண்டும், வந்து வாங்கிக்கொள். இல்லை, உன் பவுல் மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால், போடு ஸ்விட்சை.

உன் அம்மா